பங்ஷன் தரும் பதில் எந்தக் கரக்டர் செட்டில் வருகிறது? தமிழ்ப் பதிவேடு பராமரிப்பவர்களுக்கு

சம்மாந்துறைப் பக்கத்தில் விதைநெல் உற்பத்தி செய்யும் ஒரு விவசாயிகள் சங்கத்தின் டேட்டாபேஸை நான் பராமரித்து வருகிறேன். மைஎஸ்கியூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் சேர்வர். அங்கத்தவரின் பெயர் தமிழில், சிலருக்குச் சிங்களத்தில், எல்லோருக்கும் ஆங்கிலத்தில். வட்டைப் பெயர் (வயல்வெளியின் பெயர்), ஏக்கர், அடையாள அட்டை இலக்கம், பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் தனித்தனிக் கணக்கு. இதிலிருந்து பற்றுச்சீட்டு அச்சாகும், பசளைக்கான பெயர்ப்பட்டியல் போகும். பட்டியலில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் நின்றால், அந்த மனிதர் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து தன்னைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து இந்த மாதிரி வேலைகளைப் பொறுப்பெடுக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அட்டவணை முழுக்க யூடிஎப்8எம்பி4 ஆக மாற்றிவிட்டேன். நிரலை (கொலத்தை) நேரே எடுத்தால் தமிழ் சரியாக வருகிறது. பங்ஷன் ஒன்றைப் போட்டால் மட்டும் கெட்டுப்போகிறது. ஏன்?"

கரக்டர் செட் என்பது எழுத்தைப் பைட்டாக எழுதும் முறை. யூடிஎப்8எம்பி4 என்பது யூடிஎப்8இன் முழு வடிவம், தமிழ் அதில் அடங்கும். அட்டவணையின் கரக்டர் செட் நிரலுக்குரியது. பங்ஷன் தரும் பதில் நிரல் அல்ல, அது அந்தக் கணத்தில் பிறக்கும் புதிய ஸ்ட்ரிங். அதற்கும் ஒரு கரக்டர் செட், ஒரு கொலேஷனும் (எழுத்தை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) வேண்டும். அதைச் சேர்வர் எங்கிருந்து எடுக்கிறது என்று தெரிந்தால் கெட்டுப்போகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சில பங்ஷன்கள் உள்ளே கொடுத்த ஸ்ட்ரிங்கில் இருந்து எடுக்கும், சில நம் மென்பொருளுக்கும் சேர்வருக்கும் இடையிலான இணைப்பில் இருந்து எடுக்கும். நாமே எழுதிச் சேமித்தவை, எழுதிய நாளில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அதிலிருந்து எடுக்கும்.

ஊகிக்கவே தேவையில்லை, சேர்வரிடமே கேட்கலாம். சார்செட், கொலேஷன், கோஎர்சிபிலிட்டி என்று மூன்று பங்ஷன்கள் இருக்கின்றன. சந்தேகமான கோவையை (எக்ஸ்பிரஷனை) அப்படியே இவற்றின் அடைப்புக்குறிக்குள் வைத்து செலக்ட் கொடுங்கள். முதலாவது கரக்டர் செட்டைச் சொல்லும், இரண்டாவது கொலேஷனை. மூன்றாவது தரும் 0 முதல் 6 வரையான எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். திரையில் தெரிவதை நம்பாதீர்கள். திரைக்கு வருமுன் பதில் இன்னொரு முறை மாற்றப்படுகிறது. பைட்டைப் பார்க்க, அதைப் பதினாறடி எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் பங்ஷன்தான் சரி. யூடிஎப்8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஹெக்ஸில் 6 இலக்கம், தொடக்கம் எப்போதும் ஈ0ஏஈ அல்லது ஈ0ஏஎப். 'ம' என்றால் ஈ0ஏஈஏஈ. சிங்களம் ஈ0பி6 அல்லது ஈ0பி7 என்று தொடங்கும். கேள்விக்குறி வெறும் 3எப்.

உள்ளே கொடுத்ததன் வழியே வருபவை

அப்பர், லோவர், ட்ரிம், சப்ஸ்ட்ரிங், ரைட், ரிப்ளேஸ், ரிவர்ஸ், ரிப்பீட் போன்றவை ஒரு ஸ்ட்ரிங்கை வாங்கி ஒரு ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தருபவை. முதன்மையாகக் கொடுத்த ஸ்ட்ரிங்கின் கரக்டர் செட்டும் கொலேஷனுமே பதிலுக்கும். கொடுத்தது சரியென்றால் பதிலும் சரி. கோளாறு வருவது, கொடுத்தது நாம் நினைத்தது அல்லாத ஒன்றாக இருக்கும்போது.

எங்கள் மாவட்டங்களில் இதற்கு முதல் காரணம் பாமினி. யூனிகோட் பரவுமுன் அலுவலகங்களில் தட்டிய தமிழ் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. டேட்டாபேஸின் கண்ணுக்கு அது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள், பெரும்பாலும் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான கரக்டர் செட்) நிரலில். பாமினியில் சிம்பிள் 'எப்' என்பது க, கெப்பிட்டல் 'எப்' என்பது கு. சிம்பிள் 'கே' ம, கெப்பிட்டல் 'கே' மு. சிம்பிள் 'எல்' ட, கெப்பிட்டல் 'எல்' டு. ஆங்கிலப் பெயர்களைக் கெப்பிட்டலாக்க எழுதிய அப்பர் பங்ஷனை பாமினி நிரலிலும் ஓட்டினால் ம எல்லாம் மு, க எல்லாம் கு, ட எல்லாம் டு. மட்டக்களப்பின் முதல் எழுத்தே மு ஆகிவிடும். அப்டேட்டாக ஓடியிருந்தால் பெக்கப்பைத் தவிர வேறு வழியில்லை. எது முன்பு சிம்பிள், எது கெப்பிட்டல் என்ற தகவல் அழிந்துவிட்டது.

அப்பர் ஓட்டாதவர்களுக்கும் இதிலே ஒரு தொல்லை உண்டு. லத்தீன்1இன் வழமையான கொலேஷன் சிம்பிள், கெப்பிட்டல் வேறுபாடு பார்க்காது. அதனால் பாமினியில் கடலும் குடலும் அதற்கு ஒரே சொல். குரூப் பை கொடுத்தால் இரண்டும் ஒரு வரியில் சேரும், யுனிக் இன்டெக்ஸ் இருந்தால் இரண்டாவதை ஏற்காது. பாமினி நிரலில் எதை ஒப்பிட்டாலும் கொலேட் என்று சேர்த்து லத்தீன்1_பின் கொடுங்கள். ஒப்பீடு பைட் அளவில் நடக்கும். ரிப்ளேஸ் மட்டும் இதில் விதிவிலக்கு: கொலேஷன் எதுவாக இருந்தாலும் அது சிம்பிள், கெப்பிட்டலைப் பிரித்தே பார்க்கும். பாமினியை யூனிகோட்டாக மாற்ற அதை நம்பலாம் என்பதற்கு அதுவே காரணம். ஆனால் லத்தீன்1 நிரலை நேரே ரிப்ளேஸுக்குக் கொடுத்து, 'எப்' இருக்கும் இடத்தில் 'க' வை என்றால் சேர்வர் மறுக்கும். அந்த 'க' லத்தீன்1இல் கிடையாது. முதலில் கொன்வெர்ட், யூஸிங் யூடிஎப்8எம்பி4 என்று நிரலைச் சுற்றிவிட்டு, அந்தப் பதிலை ரிப்ளேஸுக்குக் கொடுக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு மூன்றும் பாமினியில் மெய்க்கு முன்னால் தட்டப்படுபவை. யூனிகோட்டில் பின்னால் வரவேண்டும். அந்த இடமாற்றத்தை ரிப்ளேஸ் வரிசையால் செய்யப் புறப்பட்டால் முடிவே வராது. பிஎச்பியிலோ பைதனிலோ செய்துவிட்டு உள்ளே போடுங்கள்.

இரண்டாவது காரணம், யூடிஎப்8 பைட்டுகள் லத்தீன்1 நிரலுக்குள் இருப்பது. பழைய மென்பொருளில் இணைப்பும் லத்தீன்1, நிரலும் லத்தீன்1. பைட் உள்ளே போனபடியே வெளியே வரும், உலாவியில் தமிழ் அழகாகத் தெரியும். பங்ஷன் போட்டால்தான் குட்டு வெளிப்படும். லெங்த் பைட்டை எண்ணும், சார்_லெங்த் குறியீட்டை எண்ணும். மட்டக்களப்பு சரியாக இருந்தால் லெங்த் 36, சார்_லெங்த் 12. அம்பாறை 21, 7. இரண்டு பங்ஷனும் ஒரே எண்ணைத் தந்தால் அந்த நிரல் தமிழைத் தமிழாக அறியவில்லை. லெப்ட் கொடுத்து ஓர் எழுத்தைக் கேட்டால் மூன்றில் ஒரு பங்கு எழுத்து வரும். 60 என்று அளவு வைத்த நிரலில் 20 தமிழ்க் குறியீட்டுக்கு மேல் நிற்காது, நீண்ட பெயர்கள் ஏற்கனவே வாலறுந்து கிடக்கும். அவற்றை முதலில் தேடி எடுங்கள்.

இதைத் திருத்தும் முறையில் கவனம் தேவை. ஓல்டர் டேபிள், கொன்வெர்ட் டு என்று நேரே கொடுக்கக்கூடாது. சேர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாக எண்ணி மறுபடி யூடிஎப்8 ஆக்கும், 'ம' ஹெக்ஸில் சி3ஏ0 என்று தொடங்கும் நீள வரியாகிவிடும். பெக்கப் எடுத்துவிட்டு, நிரலை முதலில் அதே அளவு வார்பைனரியாக (வெறும் பைட்டை வைக்கும் வகை) மாற்றுங்கள், பிறகு யூடிஎப்8எம்பி4 வார்சாராக (எழுத்தை வைக்கும் வகை) மாற்றுங்கள். பைனரிக்குப் போகும்போது பைட் தொடப்படாது, அங்கிருந்து திரும்பும்போது பைட்டுக்கு உரிய பெயர் மட்டுமே கிடைக்கும்.

சரியான யூடிஎப்8எம்பி4 நிரலிலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சேர்வர் எண்ணுவது யூனிகோட் குறியீட்டை, நாம் வாசிக்கும் எழுத்தை அல்ல. களுவாஞ்சிகுடியில் லெப்ட் 5 கேட்டால் களுவா. 6 கேட்டால் களுவாஞ, புள்ளி அறுந்துவிடும். பற்றுச்சீட்டில் இடம் போதவில்லை என்று பெயரை வெட்டுபவர்கள் டேட்டாபேஸில் வெட்டாதீர்கள். இடத்தைக் கூட்டுங்கள், அல்லது எழுத்தைச் சிறிதாக்குங்கள். ஒருவரின் பெயர் முழுதாக வரவேண்டும்.

இணைப்பில் இருந்து எடுப்பவை

எண்ணையோ திகதியையோ எழுத்தாக்கும் பங்ஷன்களுக்குப் பின்பற்ற ஒரு ஸ்ட்ரிங் இல்லை. போர்மட், ஹெக்ஸ், ஸ்பேஸ், காஸ்ட், டேட்_போர்மட், மன்த்நேம் போன்றவை இணைப்பின் கரக்டர் செட்டை எடுத்துக்கொள்ளும், கரக்டர்_செட்_கனெக்‌ஷன் என்ற மாறியில் என்ன இருக்கிறதோ அதை. 5.5.3 பதிப்புக்கு முன் எண்ணைச் சேர்த்த ஸ்ட்ரிங் பைனரியாக மாறியது. அதனால்தான் பழைய குவெரிகளில் ஏக்கர், கிலோ எல்லாவற்றையும் சுற்றிக் காஸ்ட் இருக்கும். இன்று அது தேவையில்லை, இருந்தாலும் கெடுதி இல்லை.

நான் பார்த்ததில் எல்லோரையும் அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பழைய பிஎச்பி மென்பொருள் ஒன்று சேர்வரோடு இணைந்தவுடன் "செட் கரக்டர் செட்" என்று கட்டளை கொடுத்து யூடிஎப்8எம்பி4 என்கிறது. பார்க்க "செட் நேம்ஸ்" போலவே இருக்கும், வேலை வேறு. செட் நேம்ஸ் க்ளையன்ட் (நாம் அனுப்பும் குவெரியின் கரக்டர் செட்), கனெக்‌ஷன், ரிசல்ட்ஸ் (திரும்பி வரும் பதிலின் கரக்டர் செட்) மூன்றையும் நாம் சொன்னபடி வைக்கும். செட் கரக்டர் செட் க்ளையன்ட்டையும் ரிசல்ட்ஸையும் மட்டும் அப்படி வைத்துவிட்டு, கனெக்‌ஷனை டேட்டாபேஸின் வழமைக் கரக்டர் செட்டுக்கு மாற்றிவிடும். டேட்டாபேஸ் பல வருடங்களுக்கு முன் உருவானதென்றால் அந்த வழமை லத்தீன்1 ஆக இருக்கும். 8.0க்கு முந்திய சேர்வர்களில் அதுதான் இயல்பு. அட்டவணைகளை மாற்றியவர் டேட்டாபேஸின் வழமையை மாற்ற மறந்திருப்பார்.

விளைவைப் பாருங்கள். நிரலில் உள்ள பெயர் சரியாக வருகிறது, அது யூடிஎப்8எம்பி4, ரிசல்ட்ஸும் அதுவே. ஆனால் குவெரியில் மேற்கோளுக்குள் நாம் எழுதும் சொல் கனெக்‌ஷன் வழியாக லத்தீன்1 ஆக்கப்படுகிறது. வேர் என்ற நிபந்தனைப் பகுதியில் ஊர் அம்பாறை என்று கேட்டால் சேர்வர் தேடுவது ஏழு கேள்விக்குறிகளை. பதில் வெறுமை, பிழைச்செய்தியும் இல்லை. பெயருக்கு முன்னால் 'திரு.' சேர்த்தால் 'திரு' கேள்விக்குறியாகி, பெயர் நலமாக நிற்கும். மாதத்தின் பெயரைத் தமிழில் எடுக்க எல்சி_டைம்_நேம்ஸ் மாறியில் தமிழ்–இந்தியா வைத்திருந்தால் மன்த்நேம் பதிலும் கேள்விக்குறிதான். பாதி சரி, பாதி கேள்விக்குறி என்று ஒரே வரியில் கண்டால் வேறெங்கும் தேடாமல் இதைப் பாருங்கள்.

ஷோ வேரியபிள்ஸ், லைக் கொடுத்து, கரக்டர்_செட் என்று தொடங்குபவற்றைக் கேளுங்கள். க்ளையன்ட், கனெக்‌ஷன், ரிசல்ட்ஸ் மூன்றும் யூடிஎப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். பைல்சிஸ்டம் பைனரி என்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். இந்தக் கேள்வியை வேர்க்பெஞ்ச் என்ற தனிக் கருவியில் இருந்து கேட்டால் வேர்க்பெஞ்சின் இணைப்பைத்தான் காட்டும். மென்பொருளுக்குள் இருந்தே கேட்க வேண்டும். திருத்தம்: பிஎச்பியில் மைஎஸ்கியூஎல்ஐ_செட்_சார்செட் பங்ஷன், பிடிஓ வழியாக இணைபவர்கள் என்றால் இணைப்பு வரியிலேயே சார்செட். பிறகு ஓல்டர் டேட்டாபேஸ் கொடுத்து வழமையையும் யூடிஎப்8எம்பி4 ஆக்குங்கள்.

கேள்விக்குறிகளை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். அம்பாறைக்கு ஏழு வந்தால் சேர்வர் தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டு, பிறகு இடம் இல்லாத கரக்டர் செட்டுக்குள் தள்ளியிருக்கிறது. அது நிரலில் எழுதப்பட்டுவிட்டால் மீளாது. ஏழுக்குப் பதிலாக இருபத்தொரு விசித்திர லத்தீன் எழுத்துகள் வந்தால் பைட் உயிரோடு இருக்கிறது, மீட்கலாம்.

இரண்டு ஸ்ட்ரிங் சேரும்போது

கொன்கெட் போன்றவை பல ஸ்ட்ரிங்குகளை வாங்குபவை. யாருடைய கரக்டர் செட் நிற்கும் என்பதைக் கோஎர்சிபிலிட்டி எண் தீர்மானிக்கும், சிறிய எண் வெல்லும். கொலேட் என்று வெளிப்படையாகச் சொன்னது 0. வெவ்வேறு கொலேஷன் உள்ள இரண்டைச் சேர்த்தது 1. நிரல் 2. யூசர், வேர்ஷன் போன்ற பங்ஷன்களின் பதில் 3. மேற்கோளுக்குள் எழுதிய சொல் 4. எண், திகதி 5. மதிப்பே இல்லாத நல் 6.

எண்கள் சமமாக இருந்து, ஒன்று யூனிகோட், மற்றது அல்ல என்றால் யூனிகோட் வெல்லும். ஆங்கிலப் பெயர் நிரல் லத்தீன்1 ஆகவும் தமிழ்ப் பெயர் நிரல் யூடிஎப்8எம்பி4 ஆகவும் இருந்தால் இரண்டையும் சேர்த்ததும் பதில் யூடிஎப்8எம்பி4, பிரச்சினை இல்லை. ஆனால் அதே ஆங்கில நிரலோடு மேற்கோளுக்குள் 'கல்முனை' என்று எழுதிச் சேர்த்தால் 1267 என்ற பிழை. நிரல் 2, சொல் 4. நிரல் வென்றுவிட்டது, கல்முனையை லத்தீன்1 ஆக்க வழியில்லை. மேற்கோளுக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் பிழை வராது, அது நட்டமின்றி மாறும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துக் கையளித்த மென்பொருள் தமிழ் தட்டிய முதல் நாளில் விழுவது இதனால்தான். நிரலைச் சுற்றி கொன்வெர்ட் யூஸிங் கொடுத்தால் தீரும். மூன்று ஸ்ட்ரிங் என்றால் 1270, அதற்கு மேல் 1271. நோய் ஒன்றுதான்.

8.0க்கு ஏற்றியவர்களுக்கு இதே பிழை வேறு வழியில் வரும். பழைய அட்டவணை யூடிஎப்8எம்பி4_ஜெனரல்_சிஐ, புதிதாக உருவாக்கியது யூடிஎப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ. அங்கத்தவர் அட்டவணையின் வட்டைப் பெயரைப் புதிய வட்டை அட்டவணையோடு ஜொயின் செய்தால் இரண்டும் 2, இரண்டும் யூனிகோட், வெல்ல ஆளில்லை. அவசரத்துக்கு ஒரு பக்கம் கொலேட் எழுதலாம். ஆனால் குவெரிதோறும் கொலேட் ஒட்டுவதை நான் விரும்புவதில்லை, இன்டெக்ஸ் பயன்படாமல் போகும் வாய்ப்பும் உண்டு. எல்லா அட்டவணையையும் ஒரே கொலேஷனுக்குக் கொண்டுவாருங்கள். 0900 வகை சொல்லின் பின்னால் உள்ள வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்கும், ஜெனரல் எடுக்காது. மாற்றுமுன் ட்ரிம் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெற்றிடத்தோடு ஒரு நிந்தவூரும் இல்லாமல் ஒரு நிந்தவூரும் கிடைக்கும்.

பைனரிப் பதில்கள்

மறைகுறியை அவிழ்க்கும் ஏஈஎஸ்_டிக்ரிப்ட் பங்ஷன் தருவது பைனரி, அதாவது வெறும் பைட். அடையாள அட்டை இலக்கத்தை மறைகுறியாக்கி வைப்பது நல்ல வழக்கம், எல்லோரும் செய்யவேண்டும். பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும், சிலர் சிம்பிள் 'வி' தட்டியிருப்பார்கள், சிலர் கெப்பிட்டல். அவிழ்த்ததை அப்பரில் போட்டு ஒன்றாக்க முயன்றால் ஒன்றும் நடக்காது, பிழையும் வராது. பைனரிக்குச் சிம்பிள், கெப்பிட்டல் கிடையாது. அப்பருக்குள் போகுமுன் கொன்வெர்ட் யூஸிங் யூடிஎப்8எம்பி4. 8.0.19 முதல் மைஎஸ்கியூஎல் கட்டளைத் திரையில் பைனரிப் பதில்கள் ஹெக்ஸாகத் தெரியும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 0எக்ஸ் என்று தொடங்கும் எண்ணைக் கண்டால் தரவு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள்.

நாமே எழுதிய பங்ஷன்கள்

ஸ்டோர்ட் பங்ஷனில் ரிட்டேர்ன்ஸ் வார்சார் 100 என்று மட்டும் எழுதினால், உருவாக்கிய நேரத்தில் டேட்டாபேஸின் வழமை என்னவோ அது அதனுள்ளேயே பதிந்துவிடும். பங்ஷன் வாங்கும் மதிப்புகளுக்கும் உள்ளே அறிவிக்கும் மாறிகளுக்கும் அதே விதி. பிறகு டேட்டாபேஸை யூடிஎப்8எம்பி4 ஆக்கினாலும் பழைய பங்ஷன் லத்தீன்1இலேயே பதில் தரும். அட்டவணை சரி, இணைப்பு சரி, எல்லாம் சரிபார்த்தும் முகவரி சேர்க்கும் ஒரு பங்ஷன் மட்டும் கேள்விக்குறி தந்தால் இதுதான். இன்ஃபோர்மேஷன்_ஸ்கீமாவில் ரூட்டீன்ஸ் அட்டவணையைப் பாருங்கள்: ஒவ்வொரு பங்ஷனும் திருப்பித் தரும் கரக்டர் செட், உருவாக்கிய நேரத்து க்ளையன்ட், கனெக்‌ஷன் கொலேஷன், டேட்டாபேஸ் கொலேஷன் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஓல்டர் பங்ஷன் உடலை மாற்றாது. ஷோ கிரியேட் எடுத்து வைத்துக்கொண்டு, செட் நேம்ஸ் கொடுத்து, ட்ரொப் செய்து, மறுபடி உருவாக்குங்கள். இம்முறை மதிப்பு, மாறி, ரிட்டேர்ன்ஸ் எல்லாவற்றிலும் கரக்டர் செட்டை வெளிப்படையாக எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கொக்கட்டிச்சோலையைச் சார்_லெங்த்தில் போடுங்கள். 15 வரவேண்டும். 17 வந்தால் 'கொ'வும் 'சோ'வும் கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டு குறியீடாகத் தட்டப்பட்டிருக்கின்றன. கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, ரிப்ளேஸுக்கும் ஜெனரல் கொலேஷனுக்கும் அது வேறு ஊர். மைஎஸ்கியூஎல்லில் இதை ஒழுங்காக்கும் பங்ஷன் இல்லை. பிஎச்பியின் நோர்மலைசர் வகுப்பால், கொம்பும் அரவும் ஒரே குறியீடாகச் சேரும் என்எப்சி வடிவத்துக்கு மாற்றி, இனி வரும் ஒவ்வொரு பெயரையும் உள்ளே போடுமுன் அதன் வழியாகவே அனுப்புங்கள். ஏற்கனவே உள்ளவற்றை ஒருமுறை ஓட்டித் திருத்திவிட்டு, அதன் பிறகே யுனிக் இன்டெக்ஸ் போடுங்கள்.